மூன்றில் ஒரு பங்கு கேட்கும் கடிதம்: கையெழுத்துக்கு முன் கவுண்டி கோர்ட்டில் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவின் தம்பி 1984-இல் அமெரிக்கா போனவர். கலிபோர்னியாவில் சன்னிவேல் என்ற ஊரில் இருந்தார். விவாகரத்து ஆனவர், பிள்ளைகள் இல்லை. 2024 பிப்ரவரியில் இறந்துவிட்டார் என்று அவருடைய நண்பர் மூலம் தெரிந்தது. தாத்தா, பாட்டி, என் அப்பா யாரும் இப்போது இல்லை. திருச்சியில் ஓர் அத்தை இருக்கிறார், எனக்கு ஒரு தம்பி. போன மாதம் ஓர் அமெரிக்க நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. 'ஒரு சொத்தில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது, இணைத்திருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் வாங்கித் தருகிறோம், வருவதில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு' என்கிறார்கள். யார் சொத்து, எந்தக் கோர்ட்டு என்ற விவரமே இல்லை. இது மோசடியா? இங்கிருந்தபடி நானே விசாரிக்க முடியுமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். கடிதத்தைக் கிழித்தும் போடாதீர்கள்.

இது மோசடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. வாரிசு தெரியாமல் கிடக்கும் சொத்து வழக்குகளைக் கோர்ட்டுக் கோப்புகளில் தேடி, உறவினர்களைக் கண்டுபிடித்துப் பங்கு பேசுவது அமெரிக்காவில் ஒரு தொழில். இறந்தவர் பெயரையும் வழக்கு எண்ணையும் மறைப்பதற்குக் காரணம், அந்தத் தகவல்தான் அவர்களுடைய மூலதனம். அதைச் சொல்லிவிட்டால் நீங்களே நேராகப் போய்விடலாம் அல்லவா? 'பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்', 'வரி கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும்' என்று முன்பணமோ வங்கிக் கணக்கு விவரமோ கேட்டால் அது ஏமாற்று வேலை, யோசிக்கவே வேண்டாம். அப்படிக் கேட்காதவரை, எங்கோ ஒரு கோர்ட்டில் உங்கள் சித்தப்பா பெயரில் கோப்பு திறந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கடிதமே தடயம்.

அந்தக் கோப்பு பொது ஆவணம். யாரும் பார்க்கலாம், உறவு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இறந்தவரின் சொத்தைப் பைசல் செய்யும் 'புரோபேட்' வழக்குகள் அங்கே மாநிலச் சட்டப்படி, கவுண்டி அளவிலான கோர்ட்டில் நடக்கின்றன. கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல வைத்துக்கொள்ளுங்கள். 'பேசர்' என்ற கூட்டாட்சி நீதிமன்றத் தளத்தில் பணம் கட்டித் தேடிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. அங்கே புரோபேட் வழக்கே இருக்காது.

முதலில் கவுண்டியைச் சரியாகப் பிடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். வழக்கு போடப்படுவது இறந்தவர் நிரந்தரமாகக் குடியிருந்த கவுண்டியில். உயிர் பிரிந்த மருத்துவமனை எங்கே இருந்தது என்பது கணக்கில்லை. நம் வீடுகளில் 'சான் பிரான்சிஸ்கோல இருக்கான்' என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருப்போம். அந்தப் பேச்சை நம்பித் தேடினால் தவறான கோர்ட்டில் போய் நிற்பீர்கள். சன்னிவேல், பாலோ ஆல்டோ இரண்டும் சான்டா கிளாரா கவுண்டி. பக்கத்தில் இருக்கும் ஃப்ரீமான்ட் அலமீடா கவுண்டி. மென்லோ பார்க் சான் மட்டேயோ கவுண்டி. உங்கள் சித்தப்பா கடைசிவரை சன்னிவேலில்தான் இருந்தார் என்றால் தேட வேண்டியது சான் ஹோசேயில் இருக்கும் சான்டா கிளாரா கவுண்டி சுப்பீரியர் கோர்ட்டு. கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்துக்கு மாறினாரா என்று அந்த நண்பரிடம் கேட்டுவிடுங்கள். மாறியிருந்தால் அந்தக் கவுண்டியிலும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கோர்ட்டின் இணையதளத்தில் கட்சிக்காரர் பெயரை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. சான்டா கிளாராவில் வழக்கு எண் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், 'பிஆர்' என்ற எழுத்துகள், பிறகு வரிசை எண் என்று வரும். 2024-இல் போட்ட வழக்கு '24பிஆர்' என்று தொடங்கும். இறந்த ஆண்டிலேயே வழக்கு போட்டிருப்பார்கள் என்பதில்லை, 25, 26-உம் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற சில கவுண்டிகளில் பெயரை வைத்துத் தேடவே கட்டணம் உண்டு. வழக்கு எண் தெரிந்தால் அந்தச் செலவு மிச்சம்.

தமிழ்ப் பெயர்கள் தொலைந்துபோவது இந்த இடத்தில்தான், கொஞ்சம் பொறுமை வேண்டும். முத்தையா மகன் சுந்தரமூர்த்தி என்று வைத்துக்கொள்வோம். இங்கே மு. சுந்தரமூர்த்தி. பாஸ்போர்ட்டில் முன்பெயர் சுந்தரமூர்த்தி, குடும்பப் பெயர் முத்தையா என்று போயிருக்கும். சிலருக்குத் தலைகீழாக. ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முன்பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 'எஃப்என்யூ', அதாவது 'முன்பெயர் தெரியாது' என்று அச்சிட்டுவிடுவார்கள். அது பல ஆவணங்களுக்கு அப்படியே தொற்றிக்கொள்ளும். குடியுரிமை வாங்கும்போது 'சுந்தர் மூர்த்தி' என்று இரண்டாக உடைத்தவர்களும் உண்டு. ஆகவே முத்தையாவைக் குடும்பப் பெயராக வைத்து ஒரு தடவை, சுந்தரமூர்த்தியை வைத்து ஒரு தடவை, மூர்த்தியை மட்டும் வைத்து ஒரு தடவை தேடுங்கள். எழுத்துக்கூட்டல் அடுத்த தலைவலி. சாமி, சுவாமி, ஸ்வாமி மூன்றும் கணினிக்கு வேறு வேறு பெயர்கள். 'ழ'வை ஒருவர் 'இசட்-எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒற்றை 'எல்' போதும் என்பார். முதல் நான்கைந்து எழுத்துகளுக்குப் பின் நட்சத்திரக் குறி போட்டால் மீதியைத் தானே தேடித் தரும் தளங்களும் உண்டு, முயன்று பாருங்கள். பழைய கடித உறை, அவர் அனுப்பிய செக் நகல், புத்தாண்டு வாழ்த்து அட்டை ஏதாவது வீட்டில் இருந்தால் அதில் அவர் தன் பெயரை எப்படி எழுதினார் என்று பாருங்கள். அதைவிட நல்ல துப்பு கிடையாது.

வழக்கு கிடைத்ததும், தாக்கலான தாள்களின் தேதிவாரிப் பட்டியல் திரையில் வரும். எல்லாத் தாளையும் வாங்க வேண்டாம். முதலில் மனு, படிவ எண் டிஇ-111.

மனுவின் முதல் பக்கத்தில் இடது மேல்மூலையில் ஒரு கட்டம் இருக்கும். வழக்கு போட்டவரின் வக்கீல் பெயர், அவருடைய 'பார்' எண் (வக்கீலாகப் பதிவான எண்), முகவரி, தொலைபேசி எல்லாம் அங்கே. இந்த ஒரு கட்டத்துக்காகத்தான் அந்த நிறுவனம் உங்களிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்கிறது என்றுகூடச் சொல்லலாம். கட்டத்தில் கவுண்டி அரசின் வக்கீல் இருந்தால், சொத்தைப் 'பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டர்' எடுத்திருக்கிறார் என்று பொருள். ஆளில்லாச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கவுண்டி அதிகாரி அவர். வாரிசைத் தேடுவது அவருடைய வேலையிலும் சேர்ந்தது, நேரடியாக அவருக்கே எழுதலாம்.

உள்ளே போனால் உயில் உண்டா இல்லையா, அசையும் சொத்தும் வீடும் தோராயமாக எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு என்ற விவரம் இருக்கும். பிறகு 8-ஆம் பகுதி: உயிலில் பெயர் உள்ளவர்கள், சட்டப்படியான வாரிசுகள் எல்லாருடைய பெயர், உறவு, வயது, முகவரி. இங்கே உங்கள் பெயர் ஏற்கெனவே இருந்தால் அந்த நிறுவனம் உங்களுக்குச் செய்து தர ஒன்றும் இல்லை. அத்தை பெயர் மட்டும் இருந்து உங்கள் அப்பாவின் கிளை விடுபட்டிருந்தால், அல்லது வாரிசு யாரென்று தெரியவில்லை என்று எழுதியிருந்தால், நீங்கள் உடனே அசைய வேண்டும்.

உயில் இல்லாவிட்டால் பங்கு எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்து வாரிசுரிமைச் சட்டக் கணக்கை மனதில் வைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மனைவி, பிள்ளை, பெற்றோர் யாரும் இல்லாதவரின் சொத்து கலிபோர்னியாவில் உடன்பிறந்தவர்களுக்கும், இறந்துபோன உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்கும் போகும். அத்தை உயிரோடு இருப்பதால் அவருக்குப் பாதி. உங்கள் அப்பாவின் பாதி உங்களுக்கும் தம்பிக்கும், ஆளுக்குக் கால் பங்கு. சித்தப்பா இறந்த அன்று அத்தையும் இல்லாமல் இருந்திருந்தால், அண்ணன் பிள்ளைகள், தங்கை பிள்ளைகள் எல்லாரும் தலைக்கு ஒன்றாகச் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: தாத்தாவுக்கு இன்னொரு தாரத்தில் பிள்ளைகள் உண்டா? உண்டென்றால் அவர்களுக்கும் முழுப் பங்கு. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளை, வேறு தாய்ப் பிள்ளை என்ற வித்தியாசம் அங்கே கிடையாது. அவர்களை மறைத்து எழுதிக் கொடுத்தால் பிறகு பொய்ப் பிரமாணச் சிக்கல் வரும்.

மனுவுக்கு அடுத்து வாங்க வேண்டியவை மூன்று. ஒன்று, அறிவிப்பு அனுப்பிய சான்று. விசாரணைக்குக் குறைந்தது 15 நாளுக்கு முன் ஒவ்வொரு வாரிசுக்கும் அஞ்சலில் அறிவிப்பு போயிருக்க வேண்டும். எந்த முகவரிக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். 20 வருடத்துக்கு முந்தைய வாடகை வீட்டு முகவரியாக இருக்கலாம், பின்கோடு இல்லாமலும் இருக்கலாம். சொத்து வெளிநாட்டுக் குடிமகனுக்குப் போகும் என்று தெரிந்தால் அந்த நாட்டுத் தூதரக அதிகாரிக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். பட்டியலில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இரண்டு, 'லெட்டர்ஸ்' எனப்படும் அதிகாரக் கடிதம், டிஇ-150. சொத்தை நிர்வகிக்கக் கோர்ட்டு யாருக்கு, எந்தத் தேதியில் அதிகாரம் கொடுத்தது என்பதற்கு இதுதான் ஆதாரம். பல கெடு இந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது. மூன்று, சொத்துப் பட்டியல், டிஇ-160. லெட்டர்ஸ் கிடைத்த 4 மாதத்துக்குள் தாக்கலாக வேண்டும். இணைப்பு ஒன்றில் ரொக்கம், வங்கி இருப்பு. இணைப்பு இரண்டில் வீடு, பங்குகள் போன்றவை, கோர்ட்டு சார்ந்த மதிப்பீட்டாளர் போட்ட விலையோடு. இறந்த நாளின் மதிப்புதான் எழுதப்பட்டிருக்கும், இன்றைய விலை அல்ல.

பட்டியலில் இல்லாதது சொத்தே இல்லை என்று எண்ணாதீர்கள். கூட்டுப் பெயரில் இருந்த வீடு, நாமினி போட்ட வங்கிக் கணக்கு, 401(கே) ஓய்வூதியச் சேமிப்பு, ஆயுள் காப்பீடு எதுவும் கோர்ட்டு வழியாக வராது, நேராக உரியவரிடம் போய்விடும்.

செலவு? நகலுக்குப் பக்கத்துக்கு 50 சென்ட். கோர்ட்டு முத்திரையோடு சான்றிட்ட நகல் வேண்டுமானால் கூடுதலாக 40 டாலர். எழுத்தர் 10 நிமிடத்துக்கு மேல் தேட வேண்டியிருந்தால் 15 டாலர். நிலவரம் தெரிந்துகொள்ளச் சாதா நகலே போதும். 30 பக்கம் வாங்கினாலும் 15 டாலர்தான். அஞ்சலில் கேட்பதானால் வழக்கு எண், இறந்தவர் பெயர், எந்தத் தாள், அது தாக்கலான தேதி, சாதாவா சான்றிட்டதா என்று தெளிவாக எழுதுங்கள். 'எல்லா ஆவணமும் அனுப்புங்கள்' என்று எழுதினால் கடிதம் திரும்பி வரும், அல்லது நீங்கள் எதிர்பாராத தொகைக்கு மதிப்பீடு வரும். டாலர் செக்தான் உங்களுக்குத் தடங்கல். அங்கே இருக்கும் தெரிந்த பையன் யாரிடமாவது சொல்லி கவுன்ட்டரில் வாங்கச் சொல்வது எளிது. எழுத்தர் நகல் கொடுப்பார், ஆலோசனை சொல்ல மாட்டார். அது அவருக்குத் தடை செய்யப்பட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வழக்கு எண் கையில் வந்த அன்றே இரண்டு காரியம் செய்யுங்கள். இடது மேல்மூலை வக்கீலுக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும்: நான் இறந்தவரின் அண்ணன் மகள், அண்ணன் இன்ன தேதியில் இறந்தார், அவருடைய பிள்ளைகள் நாங்கள் இருவர், முகவரி இது. அவ்வளவு போதும். மூல ஆவணம் எதையும் அனுப்ப வேண்டாம். இரண்டாவது, 'சிறப்பு அறிவிப்புக் கோரிக்கை', படிவம் டிஇ-154. இதைக் கோர்ட்டில் தாக்கல் செய்து வக்கீலுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டால், சொத்துப் பட்டியல், கணக்கு, பங்கீட்டு மனு எது வந்தாலும் உங்களுக்கு அனுப்பியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வந்துவிடும். படிவங்களிலும் பிரமாணங்களிலும் கையெழுத்திடும்போது ஒரு வரியில் கவனம்: கலிபோர்னியாவுக்கு வெளியே இருந்து கையெழுத்திடுகிறவர் 'கலிபோர்னியா மாநிலச் சட்டங்களின்படி' என்ற சொற்களோடு உறுதி சொல்ல வேண்டும். வெறுமனே 'உண்மை என உறுதி கூறுகிறேன்' என்றால் அங்கே செல்லாது.

கெடு விஷயத்தில் தாமதிக்காதீர்கள். உயில் ஒன்று ஏற்கப்பட்டிருந்து, அது சரியில்லை என்று ரத்துக் கேட்பதானால் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 120 நாள். உயில் இல்லாத வழக்கில் 'வாரிசு யார் என்று தீர்மானியுங்கள்' என்ற மனுவை இறுதிப் பங்கீட்டு உத்தரவு வரும்வரை போடலாம். நிர்வாகி லெட்டர்ஸ் வாங்கி ஓராண்டுக்குள் பங்கீட்டு மனுவோ, ஏன் தாமதம் என்ற அறிக்கையோ தாக்கல் செய்ய வேண்டும். வழக்கின் தேதிவாரிப் பட்டியலில் பங்கீட்டு மனு ஏறிவிட்டது என்றால் கடிதம் எழுதிக் காத்திருக்க நேரமில்லை, அந்தக் கவுண்டியில் ஒரு வக்கீலை மணிக்கணக்குக் கட்டணத்தில் அமர்த்துங்கள்.

எத்தனை விதமாகத் தேடியும் வழக்கே கிடைக்காவிட்டால்? மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, சொத்து சிறியது. 2024 பிப்ரவரியில் இறந்தவருக்கு 1,84,500 டாலர் வரையிலான அசையும் சொத்தை, இறந்து 40 நாள் கழித்து, வழக்கே இல்லாமல் ஒரு பிரமாணப் பத்திரத்தை வைத்து வங்கியில் வாங்கிவிடலாம். 2025 ஏப்ரல் 1 முதல் இறந்தவர்களுக்கு இந்த வரம்பு 2,08,850. இரண்டு, சொத்தை 'லிவிங் டிரஸ்ட்' என்ற அறக்கட்டளைப் பெயருக்கு மாற்றியிருக்கலாம். அங்கே வீடு வைத்திருப்பவர்கள் பலரும் செய்வது இது. கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தின் பத்திர அட்டவணையில் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள், நம்மூர் வில்லங்கம் பார்ப்பது போலத்தான். வீட்டை அவரே அவருடைய டிரஸ்டின் பொறுப்பாளருக்கு எழுதிக் கொடுத்தது போல ஒரு பத்திரம் தெரிந்தால் விஷயம் விளங்கிவிடும். டிரஸ்ட் இருந்தாலும் அவர் இறந்த 60 நாளுக்குள் சட்டப்படியான வாரிசுகளுக்கு அதன் பொறுப்பாளர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். மூன்று, உயில் மட்டும் கோர்ட்டில் ஒப்படைக்கப்பட்டு, வழக்கு யாரும் போடாமல் கிடக்கலாம். உயிலை வைத்திருப்பவர் இறப்பை அறிந்த 30 நாளுக்குள் அதைக் கோர்ட்டு எழுத்தரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 'வழக்கு இருக்கிறதா' என்று மட்டும் கேட்காமல் 'இவர் பெயரில் உயில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா' என்றும் தனியாகக் கேளுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள்.

இங்கே சேகரிக்க வேண்டிய சான்றுகளில் ஒரு பொதுத் தவறு உண்டு. சித்தப்பா பெயரில் வாரிசுச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடப்பது. அமெரிக்காவில் வாழ்ந்து இறந்தவருக்கு நம் தாசில்தார் சான்று கொடுத்தாலும் அந்தக் கோர்ட்டை அது கட்டுப்படுத்தாது. உங்களுக்கு உதவுவது உங்கள் அப்பா பெயரில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ். அது உங்களையும் தம்பியையும் காட்டும். அதோடு அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்று காட்ட இருவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழோ எஸ்எஸ்எல்சி புத்தகமோ. தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழியும் வேண்டும். மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை இவையெல்லாம் வக்கீல் கேட்ட தாளுக்கு மட்டும் போதும். முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் முத்திரை வாங்கி வைப்பது வீண் செலவு.

இனி அந்த ஒப்பந்தம். கோர்ட்டுச் செலவு, வக்கீல் கட்டணம் எல்லாம் அந்த மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நிர்வாகியின் வக்கீலுக்குக் கலிபோர்னியாவில் சட்டமே கட்டணம் வைத்திருக்கிறது: முதல் 1 லட்சம் டாலருக்கு 4 சதவீதம், அடுத்த 1 லட்சத்துக்கு 3, அதற்கு மேல் 8 லட்சத்துக்கு 2. நிர்வாகிக்கும் அதே அளவு. சொத்து 6 லட்சம் டாலர் என்றால் ஆளுக்கு 15,000. இது பொதுச் சொத்திலிருந்து போகும், யார் கையெழுத்திட்டாலும் இடாவிட்டாலும் போகும். மற்ற கடன்கள் இல்லை என்று வைத்தால் மிச்சம் 5,70,000, உங்கள் கால் பங்கு 1,42,500. அதில்தான் நிறுவனம் 47,500 எடுக்கும். எதற்காக? வழக்கு எண்ணுக்காக.

வழக்கு எந்த மாநிலம் என்றே தெரியாமல், உறவுமுறையும் நாலு தலைமுறை தள்ளிப்போன சிக்கலாக இருந்தால் அவர்கள் உழைப்புக்கு விலை உண்டு. உங்கள் நிலை அதுவல்ல. அப்படியே பேச வேண்டி வந்தாலும் சதவீதத்தைக் குறைத்துப் பேசுங்கள், ஒப்பந்தத்தோடு நைசாக இணைத்திருக்கும் பொது அதிகாரப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் கட்டணம் மிக அதிகம் என்றோ, ஏமாற்றி வாங்கப்பட்டது என்றோ கோர்ட்டு கருதினால், பங்கீட்டின்போது அதைத் திருத்தவும் மறுக்கவும் அதிகாரம் இருக்கிறது.

வேறு மாநிலங்களில் உறவினர் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: பெயர்கள் மாறும். நியூயார்க், நியூஜெர்சியில் 'சரகேட்' கோர்ட்டு. பென்சில்வேனியாவில் 'ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ்'. டெக்சஸில் கவுண்டி கிளார்க். அங்கே சொத்துப் பட்டியலைத் தாக்கல் செய்யாமல் 'பட்டியல் தயாரித்துக் கொடுத்துவிட்டேன்' என்று ஒரு பிரமாணம் மட்டும் போட நிர்வாகிக்கு வழி உண்டு, ஆகவே கோப்பில் தொகை தெரியாமல் போகலாம். லூசியானாவில் கவுண்டியே இல்லை, 'பாரிஷ்'. வழக்குக்குப் பெயர் 'சக்சஷன்'.

கடைசியாக, அத்தைக்கும் தம்பிக்கும் இதே கடிதம் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்றே போன் போட்டுக் கேளுங்கள். அத்தை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், அந்த நகலை வாங்கித் தேதியைப் பாருங்கள். அவருடைய ஒப்பந்தம் அவருடைய பாதியை மட்டுமே கட்டும், உங்கள் கால் பங்கைத் தொடாது.